லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி: கொல்லங்கோடு முதல் சின்னாறு வரை

கொல்லங்கோட்டு வயல் வரப்பில் நின்று தெற்கே பார்த்தால் நெல்லியாம்பதி மலை செங்குத்தாக எழுந்து நிற்கும். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் பாறை முகப்பெங்கும் அருவிகள் வெள்ளைக் கோடுகளாக இறங்கும். போலரைசர் ஃபில்டரைப் பழகிக்கொள்ள இந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. காரணம் திசைதான். வானத்திலிருந்து வரும் ஒளி, சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள பகுதியில்தான் அதிகமாகத் தளவிளைவு அடைந்திருக்கும். அதாவது அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். அந்தத் தளத்தை அடைப்பதுதான் ஃபில்டரின் வேலை. காலையில் சூரியன் இடப்பக்கம், மாலையில் வலப்பக்கம், மலையோ நேர் எதிரே. வளையத்தைத் திருப்பத் திருப்ப மலைக்கு மேலே நீலம் இறங்கி, மேகம் தனியாகப் பிரிந்து நிற்கும்.

அங்கேயே திரும்பி மேற்கே பாலக்காட்டுப் பக்கம் காலையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால். வளையத்தை எத்தனை சுற்று சுற்றினாலும் வானம் அசையாது. ஃபில்டர் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் நடந்திருக்கும்.

*

ஆள்காட்டி விரலைச் சூரியனை நோக்கி நீட்டுங்கள். கட்டைவிரலை அதற்குச் செங்குத்தாக விரித்துக்கொண்டு மணிக்கட்டைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் காட்டும் இடமெல்லாம் போலரைசர் வேலை செய்யும் வானம்.

இதை உச்சிவேளையில் செய்து பார்ப்பது நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியம். மூணாறு ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்திலும் ஆவணி இரண்டாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் அங்கே தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது கட்டைவிரல் அடிவானத்தைச் சுற்றி வரும். எந்தத் திசையில் பார்த்தாலும் மலைமுகட்டை ஒட்டிய வானம் கறுக்கும். "நடுப்பகலில் கேமராவை எடுக்காதே" என்ற அறிவுரை குளிர்நாட்டுப் புத்தகங்களிலும் உண்டு, இங்கேயும் உண்டு. ஆனால் குளிர்நாட்டில் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. இந்தச் சலுகை நமக்குத்தான். பயன்படுத்துகிறவர்களைத்தான் காணோம்.

*

யு.வி. ஃபில்டர் பற்றி. சூரியநெல்லியில் ஜீப் ஓட்டும் தம்பி ஒருவர் புதிதாக கேமரா வாங்கியிருந்தார். "அண்ணா, கடையில யு.வி. கட்டாயம்னு சொல்றாங்க, போடணுமா?" என்று கேட்டார்.

ஃபிலிம் காலத்தில் அது நியாயமான பேச்சு. ஃபிலிம் புற ஊதா ஒளியையும் பதிவு செய்துவிடும். உயரம் கூடக்கூட அந்த ஒளியும் கூடும். மலைப் படங்களில் ஒரு நீல மூட்டம் விழும். டிஜிட்டல் கேமராவில் சென்சாருக்கு முன்னாலேயே அதைத் தடுக்கும் அடுக்கு இருக்கிறது. லென்ஸ் கண்ணாடியும் தன் பங்குக்குத் தடுக்கிறது. ஆகவே இன்றைக்கு யு.வி. என்று விற்பது நடைமுறையில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடிதான். அந்த எழுத்துகளுக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். 'புரொடெக்டர்' என்று போட்டிருப்பதும் அதே வேலையைச் செய்யும்.

பாதுகாப்பு தேவையா? இடத்தைப் பொறுத்தது. கொழுக்குமலை ஜீப் பாதையில் புழுதி. மார்கழி, தை மாதங்களில் வாளையார் கணவாய் வழியாக வறண்ட கிழக்குக் காற்று மண்ணை வாரி அடிக்கும். அருவிச் சாரலும் உண்டு. இங்கெல்லாம் போடுங்கள். துடைத்துத் துடைத்துக் கீறல் விழுவது ஃபில்டரின் மேல் விழட்டும். சில லென்ஸ்களில், குறிப்பாக கேனனின் எல் வரிசையில் சிலவற்றில், முன்னால் ஃபில்டர் பூட்டினால்தான் தூசி, ஈரத் தடுப்பு முழுமையாகும் என்று அந்தக் கம்பெனியே சொல்கிறது. ஆனால் கேமரா கீழே விழுவதற்கு ஃபில்டரை நம்பக் கூடாது. மெல்லிய கண்ணாடி உடைந்து, அந்தச் சில்லே லென்ஸைக் கீறும். விழும்போது காப்பது ஹுட்.

*

கொழுக்குமலையில் விடியற்காலை. மலை தேனி மாவட்டத்தில், ஏறும் பாதை இடுக்கியில். மேகப் பரப்புக்கு மேலே சூரியன் நேர் எதிரே வரும். எல்லா ஃபில்டரையும் கழற்றிவிடுங்கள். போலரைசருக்கு அந்தக் கோணத்தில் வேலையில்லை. பாதுகாப்புக் கண்ணாடியோ தட்டையானது; சூரியனின் பிம்பம் சென்சாருக்கும் அதற்கும் இடையே எதிரொளித்து, படத்தின் எதிர் மூலையில் ஒரு பச்சைப் பொட்டாக விழும். டாப் ஸ்டேஷனிலும் காலையில் இதே கதை.

*

தேயிலை. மழை விட்ட காலையில் மூணாறு தோட்டத்தைப் பார்த்தால் பச்சை என்றுதான் மனம் சொல்லும். படத்தில் பாதி வெள்ளை. தேயிலையின் மேல் மெழுகுப் பூச்சு இருக்கிறது. வானம் அதில் பளபளக்கிறது. இலையின் நிறம் அந்தப் பளபளப்புக்கு அடியில் கிடக்கிறது. கம்ப்யூட்டரில் பச்சையைக் கூட்டினால் வெள்ளைக்குச் சாயம் பூசலாம், அவ்வளவே. அடியில் இருக்கும் நிறம் பதிவாகவே இல்லையே, எங்கிருந்து எடுப்பது? போலரைசர் வளையத்தை மெல்லத் திருப்பினால் வெள்ளை ஒவ்வொரு செடியாக வடிந்து, இளம்பச்சைக் கொழுந்தும் அதற்குக் கீழே கரும்பச்சை முற்றிலையும் தனித்தனியே தெரியும். மற்ற ஃபில்டர்கள் செய்வதில் பலவற்றை இன்று மென்பொருளில் செய்துகொள்ளலாம். இதை மட்டும் முடியாது. கையில் இருக்கிற பணத்தில் பெரும்பங்கை நல்ல போலரைசருக்கு வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஒரு எல்லை உண்டு. முழுவதும் திருப்பிவிட்டால் நனைந்த இலை நனைந்தது போலவே இருக்காது. தூவானம் அருவிப் பாறை காய்ந்த பாறையாகிவிடும். ஈரம் தெரிய வேண்டுமானால் சற்றுப் பின்வாங்க வேண்டும். சாரலில் வானவில் நின்றால் இன்னும் கவனம்: வானவில்லின் ஒளியே தளவிளைவு அடைந்தது. ஒரு பக்கம் திருப்பினால் அழுத்தமாகும், மறுபக்கம் திருப்பினால் கண்முன்னே காணாமல் போகும்.

மூணாற்றுப் பனிமூட்டத்தைப் போலரைசர் விரட்டாது. மூட்டத்தின் நீர்த்துளிகள் பெரியவை. அதற்குள் ஒளி பலமுறை சிதறி எல்லாத் தளத்திலும் கலந்து வருகிறது. தூரத்து மலைகளின் மேலுள்ள மெல்லிய நீலப் புகைச்சல் மட்டும் கொஞ்சம் குறையும்.

*

நாற்று நட்ட வயலில் தேங்கிய தண்ணீர். தண்ணீரின் பளபளப்பு, செங்குத்துக் கோட்டிலிருந்து 53 பாகைச் சாய்வில்தான் முழுதாக நீங்கும். நின்ற கண்மட்டத்திலிருந்து கணக்குப் போட்டால், காலடிக்கு ஏறக்குறைய இரண்டு மீட்டர் தள்ளி. அந்த இடத்தில் சேறும் நாற்றின் தூரும் தெரியும். அதற்கு அப்பால் போகப் போக வானம் மறுபடி தண்ணீரில் ஏறிக்கொள்ளும்.

இந்தக் கோணத்தை வைத்துத்தான் சி.வி. ராமன் கடலைக் கேள்வி கேட்டார். 1921இல் ஐரோப்பாவிலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பி வருகையில், போலரைசர் போலவே வேலை செய்யும், சட்டைப்பையில் அடங்கும் நிகோல் பட்டகத்தின் வழியே கடலைப் பார்த்தார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்பது அன்று இயற்பியலாளர் ராலே சொன்ன கருத்து. ராமன் பட்டகத்தைத் திருப்பிப் பிரதிபலிப்பை அடைத்தார். நீலம் போகவில்லை, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற அந்த வழி 1928இல் ராமன் விளைவில் போய் முடிந்தது. குண்டளை அணைக்கரையில் வளையத்தைத் திருப்பும்போதெல்லாம் திருச்சியில் பிறந்த அந்த மனிதரை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அவர் கையில் இருந்தது தாதுப்படிகம். நாம் இன்று திருகுகிற தகட்டுப் போலரைசர் எட்வின் லாண்ட் 1929இல் கண்டுபிடித்த வகையின் வாரிசு.

*

கடையில் பார்க்க வேண்டியவை.

கண்ணாடியில் கடையின் ட்யூப்லைட் பிரதிபலிப்பதைப் பாருங்கள். வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தால் கோட்டிங் இல்லை. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இரு பரப்புக்கு 8. மல்ட்டிகோட்டிங் நன்றாக இருந்தால் விளக்கு மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ தெரியும்.

போலரைசர் சி.பி.எல். (சர்க்குலர் போலரைசர்) தானா, பழைய லீனியரா? முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று, மரையுள்ள பக்கம் அதை நோக்கும்படி ஃபில்டரைப் பிடித்து, ஃபில்டர் வழியாகவே அதன் பிம்பத்தைப் பாருங்கள். சி.பி.எல். என்றால் பிம்பம் கறுத்திருக்கும், திருப்பிப் பிடித்தால் தெளிவாகும். இரு பக்கமும் தெளிவாக இருந்தால் லீனியர், எஸ்.எல்.ஆர். கேமராக்களில் ஃபோகஸும் மீட்டரும் குழம்பும்.

பித்தளை வளையம் அலுமினியத்தைவிடச் சுலபத்தில் இறுகிப் பிடிக்காது. ஹோயா, பி+டபிள்யூ, கென்கோ, மருமி என எதை வாங்கினாலும் அதே பெயரில் பல தரங்கள் உண்டு. பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

உங்களிடம் உள்ளதிலேயே பெரிய லென்ஸின் அளவுக்கு, பெரும்பாலும் 77 மி.மீ., ஒரே ஒரு நல்ல சி.பி.எல். வாங்கி, 67க்கும் 58க்கும் ஸ்டெப்–அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். அப்போது சிறிய லென்ஸின் ஹுட் பொருந்தாது. அந்த இழப்பை ஏற்கலாம்.

கேமராவுக்குப் பின்னால் நின்றபடி போலரைசர் வளையத்தை எப்போதும் இடஞ்சுழியாகவே திருப்புங்கள். வலஞ்சுழியாகத் திருப்பினால் மரை கழன்று, டாப் ஸ்டேஷன் விளிம்பில் நின்றால், ஃபில்டர் கீழே குரங்கணிப் பக்கம் போய்ச் சேரும்.

*

சி.பி.எல். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் ஒளியைத் தின்னும். அருவிக்கு அது லாபம், தண்ணீர் பட்டாக வரும். சோலைக்குள் சிங்கவால் குரங்கு தாவும்போது கழற்றிப் பையில் போடுங்கள். வரையாட்டுக்கு நீளமான டெலி லென்ஸ் பிடித்தால் மலிவான பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டாம்; குவியத் தூரம் கூடக்கூட அதன் குறை பெரிதாகிக் கூர்மையைக் கெடுக்கும். வைட் ஆங்கிளில், 24 மி.மீ.க்குக் கீழே, வானத்தின் நடுவில் மட்டும் கறுப்புப் பட்டை விழும். பாதி திருப்போடு நிறுத்துங்கள்.

*

மூணாற்றுக் குளிரிலிருந்து மறையூர் வழியாகச் சின்னாறுக்கு இறங்கும்போது காற்று வெதுவெதுப்பாகும். ஜில்லிட்ட கேமராவை உடனே வெளியே எடுத்தால் ஆவி படியும், அதுவும் ஃபில்டருக்கும் லென்ஸுக்கும் நடுவில். வெளிப்புறத்தை எவ்வளவு துடைத்தாலும் போகாது. இறங்கும் வரை பையை மூடியே வையுங்கள். படிந்துவிட்டால் ஃபில்டரைக் கழற்றி இரண்டையும் நிழலில் தனித்தனியே உலரவிடுங்கள். வேட்டி முனை வேண்டாம். முதலில் காற்றுப் பம்ப், பிறகு பிரஷ், கடைசியாக மைக்ரோஃபைபர் துணி. மழைக்காலம் முழுக்க ஃபில்டரைக் கழற்றாமலே வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வீடு வந்ததும் கழற்றி, லென்ஸைச் சிலிகா ஜெல் போட்ட டப்பாவிலும் ஃபில்டரை அதன் உறையிலும் வைக்கவும்.