வாரிசுப் பட்டியல்

பாரதியாருக்குக் குயில் பாட்டைக் கொடுத்த மாந்தோப்பு எங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டைக் கிருஷ்ணசாமிச் செட்டியாருடையது. அந்தப் பாட்டில் வரும் பூர்வஜென்மக் கதையை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. வேடர் தலைவன் மகள் சின்னக் குயிலி. மாமன் மகன் மாடன் அவள்மேல் உயிராக இருக்கிறான். அப்பனோ நெட்டைக்குரங்கனுக்கு நிச்சயம் செய்துவிட்டான். அவள் மனம் போனது சேர இளவரசனிடம். மாடனும் குரங்கனும் வாளோடு வந்து இளவரசனை வெட்ட, அவன் அவர்களை வெட்டிவிட்டு அவள் மடியில் சாகிறான். அதற்குப் பிறகு அந்த வீடுகளில் எப்படி உலை வைத்தார்கள்? காவியத்துக்கு அது வேண்டியதில்லை. குடும்பத்துக்கு அதுதான் கதையே.

நிஜத்தில் நடந்த விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டைக் கதை எல்லோருக்கும் தெரியும். தலித் பையன் முருகேசன், வன்னியப் பெண் கண்ணகி. 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். ஜூலை 8ஆம் தேதி இருவருக்கும் விஷத்தை ஊற்றிக் கொன்று எரித்தார்கள். பையனை இழந்த பக்கத்து ஆட்கள் மீதும் போலீஸ் வழக்குப் போட்டது. பிறகு சிபிஐ வந்தது. கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2021இல். உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது 2025 ஏப்ரலில். கல்யாண வாழ்க்கை இரண்டு மாதம், வழக்கு 22 வருஷம். பெண்ணின் அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஆயுள். மானத்தைக் காப்பாற்றினார்களாம்!

எங்கள் வீட்டில் ரத்தம் சிந்தவில்லை. பெரிய அத்தை வேறு சாதிக்காரரோடு போய்விட்டாள். தாத்தா தலைமுழுகிவிட்டுத் தறியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். யாராவது கேட்டால் ஆயா, "எனக்கு மூணு புள்ளைங்க" என்பார். பெற்றது நாலு. அடி விழுந்தது சின்ன அத்தைக்கு. வந்த வரன்களெல்லாம் தெருமுனையிலேயே விஷயம் தெரிந்து திரும்பிப் போயின. கடைசியில் இரண்டாந்தாரமாகக் கொடுத்தார்கள். அதற்கும் திட்டு வாங்கியது பெரிய அத்தைதான். தெருமுனையில் நின்று கோள் சொன்னவர்களை வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தாத்தாவும் ஆயாவும் போன பிறகு வீட்டை விற்கப் பேச்சு வந்தது. வாரிசுச் சான்றிதழ் மனுவில் அப்பா மூன்று பெயர் எழுதிக் கொடுத்தார். விசாரிக்க வந்தவர் அக்கம்பக்கத்தில் கேட்டார். எதிர்வீட்டுப் பாட்டி, "பெரிய பொண்ணு ஒண்ணு இருக்குதே, அது பேரு எங்க?" என்றார். இத்தனை காலம் வாய் திறந்து சொல்லாத பெயரை, அப்பா கணவர் பெயரும் விலாசமும் சேர்த்துத் தன் கையாலேயே எழுத வேண்டியதாயிற்று. சாதி செய்யவிடாததைச் சட்டம் ஒரு காகிதத்தில் செய்துவிட்டது.

பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க அப்பாவும் சித்தப்பாவும் ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு பெரிய அத்தை வீட்டுக்குப் போனார்கள். அத்தை காப்பி கொடுத்தாள். சின்னவளைப் பற்றி விசாரித்தாள். பிறகு, "என் பங்க நான் விடறதா இல்லண்ணே. வித்தா நாலுல ஒண்ணு எனக்கு, அத தங்கச்சி பேர்ல போட்டுடு" என்றாள்.

வழியெல்லாம் சித்தப்பா புலம்பிக்கொண்டே வந்தாராம், ஓடிப்போனவளுக்குச் சொத்து ஒரு கேடா என்று. அத்தை கேட்டதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.