உருண்டை சிறுக்கணும், குழம்பு கனக்கணும்

காலை ஷிப்டுக்கு ஓசூர் போகும் கம்பெனி பஸ்கள் புறப்பட்டுவிட்டால், சூளகிரியில் பல வீடுகளில் பெரியவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். அவர்களில் சிலருக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பது என் வேலை. எல்லாரும் ஒருகாலத்தில் ஏர் பிடித்தவர்கள், கொத்தமல்லியும் புதினாவும் கட்டுக்கட்டி சந்தைக்கு அனுப்பியவர்கள். கேழ்வரகுக் களி தின்று உரமேறிய உடம்பு.

வயசாகிவிட்டால் களியை விட்டு ஓட்ஸுக்கு மாறணும் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணைப்படி, 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 8 மில்லிகிராம்கூடத் தேறாது. பல் போனவர்களுக்கும் களிதான் தோது. மெல்ல வேண்டாம், கிள்ளிக் குழம்பில் புரட்டி விழுங்கிவிடலாம்.

மாற வேண்டியது அளவு. விடிய எழுந்து உழுதவருக்கு ரெண்டு பெரிய உருண்டை தேவைப்பட்டது. நிலம் பிளாட் ஆகி, திண்ணையில் உட்கார்ந்த பிறகும் அதே ரெண்டு உருண்டை எதற்கு? “களி தின்னா சுகர் ஏறாது” என்று நம்புகிறவர்கள் இங்கே நிறையப் பேர். ஏறும். கேழ்வரகும் மாவுச்சத்துதான். நைஸாக அரைத்த மாவைக் கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் சீக்கிரமே ஏறும்.

அதனால் களி கிண்டும்போது அரிசி நொய்யைக் குறைத்துவிட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கையில் மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் கோலால் குழி போட்டு, கிளறாமல் வேகவிடுவேன். அவசரப்பட்டுக் கிளறினால் உள்ளே பச்சை மாவு கட்டி நிற்கும், வயசான வயிறு தாங்காது. ஈரக்கையால் தொட்டு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஆளுக்கு ஒரு சின்ன உருண்டை.

“ஏம்மா, இது எனக்கு எந்த மூலைக்கு?” என்று கேட்பார் ஒருவர்.

“மொதல்ல பருப்பைத் தின்னுங்க மாமா, அப்புறம் பார்க்கலாம்” என்பேன்.

வயசு ஏற ஏறச் சதை கரையும். தொடையில் சதை போனால் தரையில் கையூன்றாமல் எழ முடியாது. விழுந்து எலும்பு முறிந்தால் படுக்கைதான். அதனால் முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள் முதுமை மருத்துவ வல்லுநர்கள். 55 கிலோ ஆளுக்கு அது 55 கிராமுக்குக் குறையாது. 100 கிராம் கேழ்வரகு மாவில் கிடைப்பது ஏழு கிராம்தான்! வெறும் ரசத்தில் களியை முக்கித் தின்றால் எப்படிப் போதும்?

மார்கழி, தை மாதங்களில் எனக்குக் கவலையில்லை. அவரைக்கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாக விரலால் அழுத்தினால் தோல் கையோடு நின்று பருப்பு வழுக்கி வந்து விழும். அந்தப் பிதுக்கம்பருப்புக் குழம்பில் உருண்டை முங்கியே போகும். உப்பைக் குறைத்த நாளில் நாட்டுத் தக்காளியும் கொத்தமல்லித் தழையும் கூடுதலாகச் சேர்ப்பேன். நாக்குக்குக் குறை தெரியாது. சீசன் முடிந்தால் காய்ந்த மொச்சை, கீரைக் கடைசல், கொள்ளு; தின்கிறவர்களுக்கு முட்டை. கொள்ளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 22 கிராம் புரதம். ராத்திரி முழுக்க ஊறவைத்து, குழைய வேகவைத்துக் கடைந்தால்தான் அவர்களுக்குச் செரிக்கும்.

சுகர் மாத்திரை போடுகிறவர்களிடம் ராத்திரி பட்டினி கிடக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன். கிட்னிக் கோளாறு உள்ள ஒருவருக்கு மட்டும், டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் ஒரு கரண்டி பருப்புகூட வைப்பதில்லை. அவருக்குத் தனிச் சட்டி.