உரலும் ஒரு நினைவு அட்டையும்

தமிழ் வலைப்பதிவுகள் சூடு பிடித்த 2000களில் இணைய முகவரிக்கு, அதாவது யூ.ஆர்.எல்.லுக்கு, பலரும் வைத்த செல்லப் பெயர் "உரல்". ஒலியும் ஒத்துப் போனது, எழுதவும் சுலபம். உரலில் தலையைக் கொடுத்துவிட்டு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா என்று ஒரு பழமொழி இருக்கிறதல்லவா? வெப் சர்வரில் முகவரிகளை மாற்றி எழுதும் வேலையில் இறங்கியவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடையாது :-)

இது அப்படித் தலையைக் கொடுத்த ஒரு மாணவனின் கதை. கணினித்துறை, மூன்றாம் ஆண்டு. துறை மலரின் இணையதளம் அவன் பொறுப்பில் வந்தது. எப்போதோ படித்துவிட்டுப் போன சீனியர் ஒருவர் பிஎச்பியில் கையால் எழுதிய தளம். எண்பது சொச்சம் கட்டுரைகள். ஒவ்வொன்றின் முகவரியும் "ஆர்ட்டிக்கிள்.பிஎச்பி?ஐடி=57" என்கிற மாதிரி இருக்கும். அந்த நிரலைத் தொடவே எல்லோருக்கும் பயம். அவன் ஒரே வார இறுதியில் எல்லாவற்றையும் வேர்ட்பிரஸ்ஸுக்கு மாற்றினான். முகவரிகளும் இனி எண்ணாக இல்லாமல் கட்டுரைத் தலைப்பாகவே வரும். பார்க்கவே அழகு.

அவன் மடிக்கணினியில் எல்லாம் பிரமாதமாக ஓடியது. சர்வரில் ஏற்றியதும் முகப்புப் பக்கம் மட்டும் திறந்தது. எந்தக் கட்டுரையைத் தட்டினாலும் 404, பக்கம் இல்லை.

ஏன் என்று புரிய, சர்வர் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அங்கே இருந்தது அப்பாச்சி சர்வர். (யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அப்பாச்சி என்றால் அப்பாவின் அம்மா. இந்தக் கதைக்கு அதுவும் பொருந்தும்.) வாசலில் உட்கார்ந்திருக்கும் கிழவி மாதிரிதான் அந்த சர்வரும். யாராவது ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால், அந்தப் பெயரில் வீட்டுக்குள் ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் எடுத்துக் கொடுக்கும். இல்லாவிட்டால் "அப்படி ஒருத்தரும் இங்கே இல்லை" என்று அனுப்பிவிடும். வேர்ட்பிரஸ் கட்டுரைகளுக்குத் தனித்தனிக் கோப்பு கிடையாது. எல்லாம் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. இன்டெக்ஸ்.பிஎச்பி என்ற ஒரே கோப்புதான் அவற்றை எடுத்துத் தரும். ஆகவே, "இல்லாத பெயரைக் கேட்டு யார் வந்தாலும் இன்டெக்ஸ்.பிஎச்பியிடம் அனுப்பு" என்று கிழவியிடம் சொல்லி வைக்க வேண்டும். இந்தச் சொல்லி வைக்கிற வேலைக்குப் பெயர்தான் ரீரைட்.

அப்பாச்சியில் இதைச் செய்யும் பகுதி மாட்_ரீரைட். ரால்ஃப் எங்கல்ஷால் என்பவர் 1996ல் எழுதி, 1997ல் அப்பாச்சி குழுவுக்கே கொடுத்துவிட்டார். ஹெச்டிஅக்சஸ் என்ற, புள்ளியில் தொடங்கும் பெயர் கொண்ட சின்னக் கோப்பில் விதிகளை எழுதி வைத்தால் போதும். வேர்ட்பிரஸ் அந்த விதியைத் தானே எழுதிக்கொள்கிறது. இரண்டு நிபந்தனை, ஒரு விதி. கேட்ட பெயரில் நிஜமான கோப்பு இல்லையென்றால், அந்தப் பெயரில் நிஜமான அடைவும் இல்லையென்றால், இன்டெக்ஸ்.பிஎச்பிக்கு அனுப்பு. நிபந்தனைகள் எதற்கு? அவை இல்லாவிட்டால் படங்களும் ஸ்டைல் கோப்புகளும் கூட இன்டெக்ஸ்.பிஎச்பியிடம் போய் நிற்கும், பக்கம் அலங்கோலமாகிவிடும்.

விதி சரியாகத்தான் இருந்தது. ஆனால் அதை சர்வர் படிக்கவே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வித்தை உண்டு. ஹெச்டிஅக்சஸ் கோப்பின் முதல் வரியில் வாய்க்கு வந்ததைத் தட்டி வையுங்கள். சர்வர் 500 என்று கத்தினால் கோப்பைப் படிக்கிறது என்று அர்த்தம். ஒன்றுமே நடக்காவிட்டால் படிக்கவில்லை. அவன் தட்டினான். ஒன்றுமே நடக்கவில்லை. காரணம், அலவ்ஓவர்ரைட் என்ற அமைப்பு. 2012ல் வந்த அப்பாச்சி 2.4 முதல், வேறு எதுவும் சொல்லாவிட்டால் அதன் மதிப்பு "நன்". அதாவது ஹெச்டிஅக்சஸ் பேச்சைக் கேட்காதே. மடிக்கணினியில் அந்த அனுமதி திறந்திருந்தது, சர்வரில் மூடியிருந்தது. அதைத் திறந்து, மாட்_ரீரைட்டையும் இயக்கி, சர்வரை மறுபடி தொடங்கினான். கட்டுரைகள் வரிசையாகத் திறந்தன. வேலை முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கப் போனான்.

மூன்றாம் நாள் தளத்தின் முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "தம்பி, அப்பாவைப் பற்றி மாணவர்கள் எழுதிய பக்கம் திறக்கவில்லை. வரும் ஞாயிறு அப்பாவுக்கு வருஷத் திதி. நினைவு அட்டையில் அந்தப் பக்கத்தின் முகவரியைப் போட்டிருக்கிறோம். 300 அட்டை அச்சாகி வந்துவிட்டது. கொஞ்சம் பார்க்க முடியுமா?"

அப்பா என்றால் துறையில் பல வருடம் பாடம் எடுத்த ஆசிரியர். முந்தைய வருடம் இறந்துபோனார். அவருக்காக மாணவர்கள் எழுதிய கட்டுரைதான் 57ஆம் எண். அவனும் அதில் ஒரு பத்தி எழுதியிருந்தான்.

புது முகவரிகளின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் பழைய முகவரிகள் ஞாபகத்துக்கே வரவில்லை. திரையில் இருந்தால் திருத்தலாம். காகிதத்தில் அச்சான முகவரியை எந்த சர்வராலும் திருத்த முடியாது. அட்டையை மாற்ற முடியாது என்றால், அட்டையில் உள்ள முகவரிக்கு வருகிறவரைச் சரியான இடத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். அதற்கும் ரீரைட் விதிதான். ஆனால் இது வேறு வகை. முன்னது சர்வர் உள்ளுக்குள்ளேயே செய்யும் மாற்றம், உலாவிக்குத் தெரியாது. இது "அவர் வீடு மாறிப் போய்விட்டார், இதுதான் புது விலாசம்" என்று உலாவியிடமே சொல்லி அனுப்புவது. தற்காலிகம் என்றால் 302, நிரந்தரம் என்றால் 301.

முதல் முயற்சியில் "ஆர்ட்டிக்கிள்.பிஎச்பி?ஐடி=57" என்று முழுவதையும் விதியில் எழுதினான். வேலை செய்யவில்லை. கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதை ரீரைட் விதி பார்ப்பதே இல்லை! அதைத் தனியாக, குவெரி ஸ்ட்ரிங் என்ற நிபந்தனையில்தான் சோதிக்க வேண்டும். சரி என்று, எண்பது சொச்சம் கட்டுரைகளுக்கும் ஒரு நிபந்தனை, ஒரு விதி என்று ஜோடி ஜோடியாக எழுதினான். வேர்ட்பிரஸ்ஸின் விதிக்கு மேலே வைத்தான். அது மேலே இருந்தால் முந்திக்கொண்டு எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விடும். வேர்ட்பிரஸ் தன் எல்லையாகக் குறித்து வைத்திருக்கும் இரண்டு வரிகளுக்கு வெளியேயும் வைத்தான். அந்த எல்லைக்குள் எழுதுவதை அது ஒரு நாள் அழித்து எழுதிவிடும். "நிரந்தரமாகத்தானே மாறுகிறது" என்று எல்லாவற்றுக்கும் 301 போட்டான். முதல் இரண்டை மட்டும் தட்டிப் பார்த்தான், திறந்தன. "அக்கா, சரி செய்துவிட்டேன்" என்று பதில் அனுப்பினான்.

அரை மணி நேரத்தில் மறுபடி மின்னஞ்சல். "தம்பி, கேன்டீன் வடை பற்றி ஏதோ வருகிறதே?"

அவன் நெஞ்சு ஒரு முறை நின்றுவிட்டுத்தான் அடித்திருக்கும். பழைய மலரின் 5ஆம் கட்டுரை, கேன்டீன் மெதுவடையின் ஓட்டையைப் பற்றிய நகைச்சுவை. நிபந்தனையில் "ஐடி=5" என்று மட்டும் எழுதியிருந்தான். இங்கே முடிகிறது என்று சொல்லும் டாலர் குறியை வைக்கவில்லை. அதனால் 5 என்று தொடங்கும் எதுவும், 50 முதல் 59 வரை அத்தனையும், அந்த விதியிலேயே சிக்கிக்கொண்டன. அப்பாவின் நினைவைத் தேடி வந்த மகளை வடை கட்டுரையில் கொண்டுபோய் விட்டது ஒரே ஒரு குறி இல்லாத குறைதான்.

குறியைச் சேர்த்தான். (முகநூல் வழியாக வருகிறவர்களின் முகவரிக்கு வால் மாதிரி எஃப்பிகிளிட் என்று ஒன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே எண்ணுக்குப் பின் ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், அல்லது ஆம்பர்சாண்ட் குறி வரலாம் என்று எழுதுவதுதான் சரி.) மறுபடி தட்டினான். மறுபடியும் வடை! நாலு முறை கோப்பைத் திறந்து மூடினான். விதி சரியாக இருந்தது. வடை போகவில்லை.

301ன் குணம் அது. நிரந்தரம் என்று சொன்னால் உலாவி நிரந்தரம் என்றே எடுத்துக்கொள்கிறது. நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை சர்வரைக் கேட்காமலே பழைய பதிலுக்குப் போய்விடும். சர்வரில் என்ன திருத்தினாலும் ஏற்கனவே தவறாகப் போனவருக்கு அது எட்டாது. அதனால்தான் அனுபவஸ்தர்கள் முதலில் 302 போட்டு எல்லாவற்றையும் சோதித்து, பிறகு 301 ஆக்குவார்கள். அவன் தவறிய இடம் இதுதான்.

சர்வரின் பதிவேட்டைத் திறந்து, 57ஐக் கேட்டு யார் யார் வந்தார்கள் என்று எண்ணினான். அவன், அந்த அக்கா, இருவர்தான். அட்டைகள் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. "அக்கா, தவறு என்னுடையது. உங்கள் உலாவி தவறான வழியை ஞாபகம் வைத்திருக்கிறது, அதன் தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டுப் பாருங்கள். அட்டை வாங்குகிற மற்றவர்களுக்கு இந்தப் பிரச்சினை வராது" என்று எழுதினான். முதல் கடிதத்தைவிட இதை எழுதத்தான் அதிக நேரம் பிடித்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, தமிழுக்கே உரியது. பக்கம் திறந்ததும் முகவரியைக் கவனித்தான். தலைப்பு "எங்கள் ஆசிரியருக்கு ஒரு அஞ்சலி". முகவரியில் இருந்ததோ "எங்கள்-ஆசிரியருக்கு-ஒரு". அஞ்சலியைக் காணோம்! யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முகவரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகும். ஆக, ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம். மெய்யும் உயிர்க்குறியும் தனித்தனிக் கணக்கு என்பதால் "கு" என்றாலே பதினெட்டு. வேர்ட்பிரஸ் இதற்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். "ஒரு" வரை எழுதி ஒரு இடைவெளியும் விட்டால் 192 ஆகிவிடுகிறது. அடுத்த "அ" சேர்ந்தால் 201. அஞ்சலியின் முதல் எழுத்துக்கே இடமில்லை. "ஆசிரியர்-அஞ்சலி" என்று சுருக்கினான். 127தான் ஆனது, முழுதாக நின்றது. ரீரைட் விதியிலும் அதைத் தமிழ் எழுத்திலேயே எழுதினான். சதவீதக் குறிகளோடு ஒட்டியிருந்தால் இன்னொரு வம்பு. சதவீதக் குறிக்குப் பின் ஓர் எண் வந்தால், "நிபந்தனையில் பிடிபட்ட துண்டை இங்கே போடு" என்று மாட்_ரீரைட் புரிந்துகொண்டு எழுத்தைத் தின்றுவிடும்.

நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்ற பொருளில் டிம் பெர்னர்ஸ்-லீ 1998லேயே ஒரு கட்டுரை எழுதினார். வலையை உருவாக்கியவரே சொல்லியும் கேட்டவர்கள் குறைவு. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டப்பட்ட சுட்டிகளில் பாதி, முதலில் காட்டிய தகவலை இப்போது காட்டுவதில்லை என்று 2014ல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்று சொன்னது. நீதிமன்றத் தீர்ப்புக்கே அந்தக் கதி என்றால் துறை மலர் எம்மாத்திரம்!

ரீரைட் என்றதும் எல்லோரும் சொல்வது முகவரி அழகாகும், தேடுபொறிக்குப் பிடிக்கும் என்பதுதான். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதன் பெரிய உபயோகம் வேறு. உள்ளே நிரல் மாறலாம், தரவுத்தளம் மாறலாம், சர்வரே மாறலாம். வெளியே ஒருவருக்குக் கொடுத்த பெயர் மாறாமல் இருக்க வேண்டும். முகவரியைக் கொடுப்பது வாக்குக் கொடுப்பது மாதிரி. யாருக்குக் கொடுத்தோம் என்று நமக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். அவர்கள் அதைக் காகிதத்தில் எழுதி வைத்திருப்பார்கள், அட்டையில் அச்சடித்திருப்பார்கள், நம்மிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். தளத்தை மாற்றப் போகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது, பழைய முகவரிகள் அத்தனையையும் ஒரு பட்டியலாக எடுத்து வைப்பது. புதுத் தளத்தின் நிறம் என்ன என்பதெல்லாம் அப்புறம்.

ஞாயிற்றுக்கிழமை பதிவேட்டில் 57ஐக் கேட்டு ஒருவர் பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் சரியான பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சாயங்காலம் அக்காவிடமிருந்து ஒரே வரி. "அம்மா உன் பத்தியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார், தம்பி."

அடுத்த வருடம் அவனும் படிப்பு முடித்துப் போய்விடுவான். தளம் வேறொரு ஜூனியர் கைக்குப் போகும். அந்தப் பையனோ பெண்ணோ இந்த எண்பது ஜோடி வரிகளைப் பார்த்து, எதற்கு இந்தக் குப்பை என்று அழிக்கத்தான் நினைப்பார்கள். அதனால் கோப்பில் 57ஆம் எண்ணுக்கு மேலே, சர்வர் கண்டுகொள்ளாத குறிப்பு வரியாக, ஹேஷ் குறி போட்டுத் தமிழிலேயே எழுதி வைத்தான்: "இதை அழிக்காதீர்கள். 300 வீடுகளில் இந்த முகவரி அச்சில் இருக்கிறது."