கழுகுமலையில் அப்பா படித்த பாடம்

பெட்ராவுக்குப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஜோர்டான் பாலைவனத்தில் நபாத்தேயர்கள் செம்பாறையைக் குடைந்து உருவாக்கிய நகரம் அது. 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள குறுகிய பாறை இடுக்கைக் கடந்தால், ஏறத்தாழ 40 மீட்டர் உயரமுள்ள 'அல் கஸ்னே' முகப்பு எதிரே நிற்குமாம். 1989இல் வெளிவந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தில் அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அந்தப் பைத்தியம்.

அதற்காகச் சேர்த்த பணத்தில்தான் கழுகுமலைக்குப் போனோம். காரணம் அப்பா. ஜோர்ஜ்டவுனில் முப்பது ஆண்டுகள் கொத்தனாராக இருந்தவர். இப்போது முழங்கால் வலி. "தாத்தா ஊரு கோவில்பட்டிப் பக்கம்பா. நடக்க முடியும்போதே ஒரு தடவ பாத்துட்டு வந்துடுவோம்" என்றார். ஜோர்டான் காத்திருக்கும், முழங்கால் காத்திருக்காது.

கழுகுமலை என்ற பெயர் எனக்குப் புதிதல்ல. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் வானொலியில் காவடிச் சிந்து போடுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் அண்ணாமலை ரெட்டியார் அதைப் பாடியது இந்தக் கழுகுமலை முருகன் மேல்தான். தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவர்களுக்காக அந்தப் பாட்டைப் போட்ட நான், அந்த மலையைப் பார்த்ததே இல்லை.

மதுரையிலிருந்து கோவில்பட்டி. அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர். கரிசல் காட்டுக்கு நடுவே மொட்டைப் பாறையாக எழுந்து நிற்கிறது மலை. அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயில், அதுவும் குடைவரைதான். கும்பிட்டுவிட்டு, அப்பா என் தோளைப் பிடித்துக்கொள்ள, நின்று நின்று ஏறினோம்.

மேலே இருக்கிறது வெட்டுவான் கோயில். 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் செதுக்கியது. பாறையின் மூன்று பக்கமும் அகழிபோல் வெட்டி இறக்கி, நடுவில் விட்ட ஒரே கல்லைக் கோயிலாக்கியிருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலும் இதே முறை, இதே நூற்றாண்டு. விமானத்தில் உமையோடு சிவன், பூதகணங்கள், நந்தி என ஒவ்வொன்றும் அத்தனை நுணுக்கம். தட்சிணாமூர்த்தி இங்கே மிருதங்கம் வாசிக்கிறார்!

ஆனால் பார்வை கீழே இறங்க இறங்க வேலை குறைகிறது. அடிப்பகுதி வெறும் பாறையாகவே நிற்கிறது. கோயில் முடிக்கப்படவில்லை.

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அப்பா கொத்தனார் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரமே கட்டல, பாத்தியா? நின்ன பாறைய வெட்டிக்கிட்டே இறங்கியிருக்காங்க. நாம அஸ்திவாரத்துல ஆரம்பிப்போம், இவங்க கலசத்துல ஆரம்பிச்சிருக்காங்க. செங்கல் கோணினா பேத்து வைக்கலாம். இதுல ஒரு மூக்கு ஒடஞ்சா ஒட்ட முடியுமா?"

பெட்ராவின் முகப்புகளையும் உச்சியிலிருந்தே செதுக்கினார்கள் என்று படித்திருக்கிறேன். அது மணற்பாறை, இது கடினமான பாறை. படித்தபோது தகவலாக இருந்தது அப்பா சொன்னபோதுதான் விளங்கியது.

கோயில் பாதியில் நின்றதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. கீழே வேலை செய்த சிற்பி, மேலே செதுக்கிய தன் மகனின் திறமை கண்டு பொறாமைப்பட்டு, அவனைக் கொன்றுவிட்டாராம்.

அப்பா ஒப்பவில்லை. "மகன் நல்லா செஞ்சா எந்த அப்பன்டா பொறாமப்படுவான்? காசு நின்னிருக்கும். சைட்டுல அப்படித்தான்" என்றவர், சற்று நேரம் கழித்துச் சொன்னார்: "முடிச்சிருந்தா சாமிய மட்டும்தான் பாத்திருப்போம். முடிக்காததாலதான் வேலைக்காரன் தெரியுறான்."

சற்றுத் தள்ளி சமணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. செய்வித்தவர்களின் பெயரும் ஊரும் அவற்றின் கீழே வட்டெழுத்தில். குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் உண்டு. அப்பா அந்த எழுத்துகளை விரலால் தொடாமல், காற்றிலேயே தடவிப் பார்த்தார். பினாங்கில் அவர் கட்டிய எந்த வீட்டிலும் அவர் பெயர் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: வெயில் ஏறுமுன் மலை ஏறிவிடுங்கள், மேலே நிழல் குறைவு. தண்ணீர் கட்டாயம். திரும்பும்போது, 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயை மறக்காதீர்கள்.

வீடு திரும்பிய வாரமே அப்பா கேட்டார்: "அந்தப் பாலைவனத்து ஊருக்கு எப்பப் போற?"

"பணம் சேரணும்பா."

"போனா மொதல்ல உச்சியப் பாரு. உளி அங்கதான் ஆரம்பிச்சிருக்கும்."