கேமரன் மலையில் ஒரு கண்ணாடிப் போத்தல்

கேமரன் மலைக்குத் தாப்பா வழியாக ஏறுவதுதான் எங்கள் குடும்பத்து வழக்கம். சிம்பாங் பூலாய் வழியாக அகலமான சாலை வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் லாத்தா இஸ்கந்தர் நீர்வீழ்ச்சியில் வண்டியை நிறுத்த வேண்டும், பூர்வகுடி மக்களின் கடையில் பெத்தாய் வாங்க வேண்டும், எந்த வளைவில் முதல் குளிர்காற்று வருகிறது என்று பிள்ளைகளோடு பந்தயம் கட்ட வேண்டும். அப்போதுதான் எங்களுக்கு மலை ஏறிய மாதிரி இருக்கும்.

இந்த முறை ரிங்லெட்டில் இருக்கும் அத்தை வீட்டில் போய் உட்கார்ந்ததும், தேநீருக்கு முன்னால் ஒரு கேள்வி வந்தது.

“ரேடியோவுல உன் பேச்சைக் கேட்டேன். கடலுக்குள்ள இருக்குற பவளப்பாறையைப் பத்தி ஒரு மணி நேரம் பேசின. நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம வீட்டுக்குப் பின்னால ஓடுற ஆத்தைப் பத்தி எப்ப பேசப் போற?”

இரண்டு வாரத்துக்கு முன்பு நான் தியோமான் தீவுக்குப் போய் வந்திருந்தேன். பவளப்பாறைப் பாதுகாப்பு பற்றி வானொலியில் ஒரு தொடர் செய்து கொண்டிருந்தோம். அதைத்தான் அத்தை கேட்டிருக்கிறார். வாழ்நாளில் பாதியைத் தேயிலைக் கொழுந்து பறித்தே கழித்தவர். கடலை மூன்றோ நான்கோ முறைதான் பார்த்திருப்பார்.

பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து வைத்தேன். அவர் எழுந்து போய்ச் சமையலறை சன்னலில் இருந்த ஒரு பழைய கண்ணாடிப் போத்தலைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். முந்திய நாள் மழை ஓய்ந்ததும் ஆற்றில் மொண்ட தண்ணீர். இரவெல்லாம் ஆடாமல் இருந்து தெளிந்திருந்தது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குச் சேறு.

“நீ சின்னப் பிள்ளையா இங்க வந்து குளிச்சப்போ, அடியில ஒரு நூல் அளவுதான் நிக்கும்” என்றார்.

தியோமானில் ஆய்வாளர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். மலேசியாவில் பவளப்பாறைகளை ஆண்டுதோறும் கணக்கெடுக்கும் ரீஃப் செக் அமைப்பு, பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கடலுக்குள் இறக்குகிறது. நூறு மீட்டர் நாடாவைக் கடலடியில் விரிக்கிறார்கள். அதில் இருபது இருபது மீட்டராக நான்கு துண்டுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அரை மீட்டருக்கும் நாடாவின் கீழே இருப்பது என்ன என்று எழுதுகிறார்கள். உயிருள்ள பவளமா, செத்த பவளமா, பாறையா, மணலா, சேறா? மொத்தம் 160 புள்ளிகள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அதே வேலை. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த அந்த எண்கள்தான் ஒரு பவளப்பாறை வாழ்கிறதா தேய்கிறதா என்று சொல்கின்றன.

அந்தப் பட்டியலில் சேறு ஏன் இருக்கிறது என்று கேட்கலாம். பவளம் என்பது கல் அல்ல. சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டமாகக் கட்டிய வீடு. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பவளம் இடம் கொடுக்கிறது, பாசி வெயிலை வாங்கி உணவு சமைத்துக் கொடுக்கிறது. சேறு கலந்தால் வெயில் இறங்காது, சமையல் நடக்காது. மேலே படிந்த சேற்றைத் துடைப்பதற்கே பவளம் தன் சக்தியைச் செலவிட வேண்டும். பவளக் குஞ்சுகள் ஒட்டி வளரக் கெட்டியான தரை தேவை. சேற்றில் அவை ஒட்டாது. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை செல்சியஸ் கூடிச் சில வாரங்கள் நீடித்தாலே பாசி வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். வெப்பத்தில் இளைத்த பவளத்தின்மேல் சேறும் விழுந்தால் அது தேறி வருவது கடினம்.

மறுநாள் காலை அத்தையையும் அழைத்துக்கொண்டு சுங்கை பாலாஸ் பக்கம் போனேன். பிரிஞ்சாங்கைத் தாண்டி, ஒரு வண்டி வந்தால் இன்னொன்று ஒதுங்க வேண்டிய அந்தக் குறுகிய சாலையில் தேயிலைச் சரிவுகள் இரு பக்கமும் விரிகின்றன. 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் வந்து போன மலை இது. 1929-இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, காட்டை வெட்டிச் சரிவுகளில் செடி வைத்தவர்களில் நம்மவர்கள் நிறையப் பேர். இன்று கொழுந்து வெட்டும் கைகள் பெரும்பாலும் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவை. தமிழ்ப் பள்ளிகளும் கோயில்களும் நம் கதையைச் சொல்லிக்கொண்டு நிற்கின்றன.

தேயிலையும் காட்டை அழித்து வந்த பயிர்தான். அதை மறைக்க முடியாது. ஆனால் ஒரு முறை வைத்த செடி பல பத்தாண்டுகள் நிற்கிறது, வேர் ஆழமாக இறங்குகிறது, செடிக்குச் செடி இலை முட்டி நிற்பதால் மழைத்துளி நேராக மண்ணில் அடிப்பதில்லை. “செடி நல்லா மூடிக்கிட்டா மண்ணு நகராது. செடி செத்து விழுந்த இடத்துலதான் வாய்க்கா அறுக்கும்” என்றார் அத்தை. மண்ணியல் பாடத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டார்.

அதே சாலை மேலே ஏறிப் பாசிக்காட்டுக்குப் போகிறது. குனோங் பிரிஞ்சாங் 2,000 மீட்டருக்கும் மேல் உயரம். அங்கே மரங்கள் குள்ளமாக, முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. கிளை, தண்டு, வேர் என்று எல்லாவற்றையும் பாசி போர்த்தியிருக்கிறது. மரப்பலகை நடைபாதையில் நின்று பார்த்தபோது எனக்குத் தியோமான்தான் நினைவுக்கு வந்தது. முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு நீருக்குள் தலையை விட்ட அந்த முதல் நிமிடம் போலவே இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி வாழும் உயிர்கள், கை வைத்தால் நொறுங்கிவிடும் என்ற பயம், தன்னால் வரும் அமைதி.

இரண்டும் வாழும் விதத்திலும் ஒற்றுமை உண்டு. பவளம் வெதுவெதுப்பான, தெளிந்த நீர் இருக்கும் மெல்லிய ஓரத்தில் மட்டும் வாழும். பாசிக்காடு மேகம் வந்து தொடும் உயரத்தில் மட்டும் வாழும். மேகத்தின் ஈரத்தைப் பாசி பிடித்து வைக்கிறது. அடியில் இருக்கும் கரிய மக்கு மண் அதைத் தேக்கிச் சொட்டுச் சொட்டாக ஓடைகளுக்குக் கொடுக்கிறது. வெப்பம் கூடி மேகம் மேலே நகர்ந்தால் இந்தக் காட்டுக்குப் போக இடமில்லை. ஏற்கெனவே அது உச்சியில் இருக்கிறது.

இறங்கி வரும்போது காட்சி மாறுகிறது. மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய காய்கறித் தோட்டங்கள், வெயிலில் மின்னும் பிளாஸ்டிக் கூரைகள். அவற்றின் மேல் விழும் மழை மண்ணுக்குள் இறங்குவதில்லை. சேர்ந்து, வேகமெடுத்து, அடுத்த வெட்டில் இருக்கும் தளர்ந்த மண்ணை அள்ளிக்கொண்டு ஆற்றுக்குப் போகிறது. விவசாயிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் நாம் தட்டில் வைக்கும் முட்டைக்கோசும் தக்காளியும் இங்கிருந்துதான் வருகின்றன. இங்கே பலர் நெடுங்காலம் பயிர் செய்து வந்தது ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டிய தற்காலிக நில உரிமத்தில். அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர், இருபது ஆண்டுகள் நிற்கும் கல்வரப்பைக் கட்டுவாரா?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் நிலப் பாதுகாப்புச் சட்டப்படி, மலைநிலம் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் அனுமதியில்லாமல் குறுகிய காலப் பயிர் வைக்கக் கூடாது. ஆனால் எது மலைநிலம் என்று அரசிதழில் அறிவிக்க வேண்டியது மாநில அரசு. அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் நில நிர்வாகியின் கையில். நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரத்தில் இருப்பவை.

தியோமானில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். அந்தத் தீவும் இதே பகாங் மாநிலம்தான். 1985-ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டத்தின்கீழ், 1994-இல் அதைச் சுற்றியுள்ள கடல் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரையிலிருந்து இரண்டு கடல் மைல் வரை மீன் பிடிக்கக் கூடாது, பவளத்தை உடைக்கக் கூடாது. அது கூட்டரசின் சட்டம். ஆனால் அலை தொடும் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிலம் மாநிலத்துக்குச் சொந்தம். மேட்டில் வீடு கட்டவோ சாலை போடவோ மண்ணை வெட்டினால், அடுத்த மழையில் அந்த மண் கோட்டைத் தாண்டிக் கடற்பூங்காவுக்குள் போகிறது. மண்ணுக்கு எந்த அரசு எந்தப் பக்கம் என்று தெரியாது.

தெரியாமல் போனதன் விலையை ரிங்லெட் கொடுத்திருக்கிறது. 1960-களில் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணையின் ஏரியில், பல பத்தாண்டுகளாக மலையிலிருந்து இறங்கிய சேறு தண்ணீருக்கான இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஏரியைத் தூர்வாரிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் வெள்ளமுமாக வீடுகளுக்குள் புகுந்தது. உயிர்களும் போயின. அந்த இரவைப் பற்றிப் பேசும்போது அத்தையின் குரல் இன்றும் தாழ்கிறது. “தண்ணின்னா துடைச்சுட்டுப் போயிடலாம். சேறு வந்தா வீடு வீடா இருக்காது” என்றார். அவர் போத்தல் வைக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

என் தாத்தா இராமநாதபுரம் பக்கத்துக் கடலோர ஊரிலிருந்து கப்பல் ஏறி வந்தவர். அவருடைய கடலான மன்னார் வளைகுடாவிலும் பவளப்பாறைகள் உண்டு. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சுற்றிய கடலையும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனால் அதற்கு முன்பே பல பத்தாண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்தாயிற்று. அறிவித்த பிறகும் உடனே நிற்கவில்லை. 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் சேர்ந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று கடலுக்கு அடியில். வளைகுடாவில் ஆய்வாளர்கள் பவளத் துண்டுகளை நட்டு வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். வளர்கிறது என்பது நல்ல செய்தி. மூழ்கிய தீவு திரும்ப வராது என்பதும் செய்திதான்.

சட்டம் கோடு போடும். ஆய்வு எண்ணைக் கொடுக்கும். கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்ன வருகிறது என்று தினமும் பார்க்கிற கண் அங்கே வாழ்கிற மக்களுக்குத்தான் உண்டு. கேமரன் மலையில் 2001-இல் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து ரீச் என்ற அமைப்பைத் தொடங்கி, மரம் நடுவதும் மக்களிடம் பேசுவதுமாக இருக்கிறார்கள். தியோமானிலும் கிராமத்துப் பிள்ளைகள் பாறைகளைக் கண்காணிக்கப் பழகியிருக்கிறார்கள். அவர்களோடு என் அத்தையையும் சேர்த்துக்கொள்கிறேன்.

ஓர் ஊடகக்காரியாக எனக்கு இதில் வெட்கமும் உண்டு. பவளப்பாறைக்கு நீலக் கடல் இருக்கிறது, வண்ண மீன் இருக்கிறது, கேட்பவர் மனத்தில் படம் விரியும். சேறுக்கு அப்படி எதுவும் இல்லை. அதனால் கடலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். சின்ன வயதில் குளித்த ஆற்றை ஒரு நிமிடமும் பேசவில்லை. கேமரன் மலையின் சேறு தியோமான் பவளத்தின்மேல் போய் விழுகிறது என்று நான் சொல்ல வரவில்லை. இடையே தீபகற்பத்தின் மிக நீளமான ஆறும் அகன்ற கடலும் இருக்கின்றன. ஆனால் மலையில் மண்ணைப் பிடித்து வைக்கத் தெரியாத நாம், தீவில் மட்டும் எப்படிப் பிடித்து வைப்போம்?

அடுத்த பள்ளி விடுமுறைக்கு நீங்களும் கேமரன் மலைக்குப் போவீர்கள். பாசிக்காட்டில் பலகையை விட்டு இறங்காதீர்கள். ஒரு காலடியில் நசுங்கும் பாசி மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும். குடுவைச் செடியையும் காட்டு ஆர்க்கிட்டையும் பிடுங்கி யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஸ்ட்ராபெரி தோட்டத்தில் படம் எடுத்த பிறகு, ரிங்லெட் ஏரிக்கரையில் ஐந்து நிமிடம் நின்று தண்ணீரின் நிறத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

புறப்படும்போது அத்தை அந்தப் போத்தலைக் கழுவி என் பையில் வைத்தார். என் வீடு கிள்ளானில். பின்னால் ஒரு கால்வாய் ஓடுகிறது. அதில் தண்ணீர் என்ன நிறம் என்று நான் இதுவரை பார்த்ததில்லை. “மழை விட்டதும் மொண்டு வை. காலையில எனக்கு ஃபோன் பண்ணு” என்றார்.

நேற்று மழை பெய்தது. இன்று காலை போன் செய்தேன்.

“எத்தனை விரல்?” என்றுதான் முதலில் கேட்டார்.