நிழலும் எருவும்

சாக்லேட் எந்த மரத்தில் காய்க்கிறது என்று நம் வீட்டுக் குழந்தைகளைக் கேட்டால் சிரிப்பார்கள். பெரியவர்களைக் கேட்டால் விழிப்பார்கள். அமேஸான் பெருங்காட்டில், ஓங்கிய மரங்களின் அடியில், சல்லடையில் சலித்தாற்போல் விழும் வெயிலில் பிறந்த சிறு மரம் கோகோ. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் தாவர சாஸ்திரி அதற்கு வைத்த பெயருக்கு, 'தேவர்களின் உணவு' என்று அர்த்தம். 1798-ல் ஆங்கிலக் கம்பெனியார் அதைக் குற்றாலத்தில் கொண்டு வந்து நட்டார்கள். இப்பொழுது பொள்ளாச்சி வட்டாரத்துத் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிராக விளைகிறது.

அந்த வட்டாரத்தில்தான் என் தமக்கையின் தோப்பும் இருக்கிறது. கணவரை இழந்த பிறகு அதை அவளே நிர்வகித்து வருகிறாள். தேங்காய் விலையை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாதென்று பட்டணத்திலிருக்கும் பிள்ளைகள் தோப்பை விற்றுவிடச் சொல்கிறார்கள். "ஒரு வருஷம் பொறுங்கள்" என்று சொல்லி, அவள் கோகோ நாற்று வளர்க்கத் தொடங்கினாள்.

கோகோ விதை பொறுமையற்றது. பழத்தைவிட்டு வெளியே வந்தால் சில நாட்களுக்குள் முளைக்கும் சக்தியை இழந்துவிடும். ஆகவே, மண்ணும் மணலும் மக்கிய சாண எருவும் சம அளவில் கலந்த பைகளை முன்னதாகவே சித்தமாக வைத்திருந்தாள். அவற்றில் சிலவற்றைப் பரீட்சைக்காக வெட்டவெளியிலும், சிலவற்றைச் சுவரோர இருட்டிலும் வைத்தாள். மற்றவை பாதி வெயில் இறங்கும் ஓலைப் பந்தலின் கீழ் இருந்தன.

இரண்டு மாதம் கழித்து நான் கண்ட வேற்றுமை ஆச்சரியமானது. வெட்டவெளிச் செடிகளின் இலைகள் வெளுத்து, ஓரம் கருகியிருந்தன. கோகோ இலை முழு வெயிலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைத்தான் உணவாக்க வல்லது. மிஞ்சிய வெயில் இளம் இலைக்குத் தீங்காகிறது. இருட்டில் இருந்தவையோ வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து, தண்டு மெலிந்து சாய்ந்தன. பந்தலின் கீழ் இருந்தவையே குட்டையாக, திடமாக நின்றன.

"இருட்டில் நிற்பதற்கு இன்னும் கொஞ்சம் எரு போட்டால் தேறாதா, அக்கா?" என்றேன்.

"பசியில்லாதவனுக்கு விருந்து எதற்கப்பா?" என்றாள்.

சாஸ்திரமும் அதையே சொல்கிறது. வெளிச்சம் கூடக் கூடச் செடி அதிக உரம் கேட்கும். குறைந்தால் கொடுத்ததையும் பயன்படுத்திக் கொள்ளாது. ஆப்பிரிக்காவில், கானா தேசத்து டாபோவில் 1950-களில் தொடங்கிய சோதனையில், நிழலை நீக்கி உரமிட்ட மரங்கள் முதலில் அபாரமாகக் காய்த்தன. வருஷங்கள் செல்லச் செல்ல அந்த விளைச்சல் சரிந்தது.

எருவிலும் பக்குவம் வேண்டும். நன்றாக மக்கியது மண்ணைப் பொலபொலப்பாக்கி, ஈரத்தைக் காத்து, ஊட்டத்தைச் சிறுகச் சிறுக அளிக்கும். மக்காத சாணமோ சூடேறி வேரை வாட்டும். வைக்கோலும் சருகும் மக்காமல் கலந்திருந்தால், அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்களே மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும்.

நடுவதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே பந்தலின் ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செடிகளை வெயிலுக்குப் பழக்குகிறாள் தமக்கை. தென்னை வரிசைகளுக்கிடையே குழிகள் தயாராகிவிட்டன. கோகோ பலன் தர மூன்று, நாலு வருஷங்களாகும். பிள்ளைகளிடம் அவள் கேட்டதோ ஒரு வருஷம்! மீதி வருஷங்களுக்காக அவர்களிடம் நான்தான் பேச வேண்டுமாம். பேசத்தான் போகிறேன்.