ஊஞ்சலும் பெயர்க்கல்லும்

1974இல் இலங்கையில் அறிமுகமான பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தின் கீழ், பாராளுமன்ற உறுப்பினர்களின் சிபாரிசுப்படி மைதானம், சிறுவர் பூங்கா, சனசமூக நிலையம் என்று பணம் பங்கிடப்பட்டது. டிசம்பர் 31க்குள் செலவாகாவிட்டால் திறைசேரிக்குத் திரும்பிவிடும். ஆகவே மார்கழி மழையிலும் ஊஞ்சல் நட்டார்கள். மூலதனச் செலவுக்குரிய அப்பணத்தில் பராமரிப்புக்கு இடமில்லை. அது பிரதேச சபையின் பொறுப்பு. பல சபைகளிடம் அதற்குக் காசுமில்லை.

அத்தகைய பூங்காவொன்றின் திறப்பு விழாவைப் படத்துடன் செய்தியாக்கியவன் அடியேன். மூன்று ஆண்டுகளின் பின் அவ்வழியே சென்றேன். ஊஞ்சலின் சங்கிலி அறுந்து கிடந்தது. எம்.பி.யின் பெயர் பொறித்த கல்லுக்கு மட்டும் சேதமில்லை.

“நீங்கள்தானே அப்ப பேப்பரில போட்டனீங்கள்? இதையும் போடுங்கோவன்” என்றார் பக்கத்துக் கடைக்காரர்.

குறிப்பெடுத்துக்கொண்டேன். மறுநாள் இன்னொரு திறப்பு விழாவுக்கு அனுப்பினார்கள். அந்தக் குறிப்பு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.